இடது பக்கத்து பிரேக்

அடிக்கப்போகிறது, இதோ அடிக்கப்போகிறது என்று சுகந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். போன் அடிக்கவில்லை. டேஷ்போர்டில் பிள்ளையார் பொம்மைக்குப் பக்கத்தில் அது பாட்டுக்கு மல்லாந்து கிடந்தது. உறையூரில் மதியத்தில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெருவில், புங்கமரத்து நிழலில் கார் நின்றிருந்தது. ஆடிக் காற்று மண்ணை வாரிக் கண்ணாடியில் இறைத்துவிட்டுப் போனது. அடுத்த வகுப்புக்கு வரவேண்டிய பேங்க் அம்மா வர இன்னும் நேரமிருக்கிறது. அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், ஆனால் சும்மா உட்கார உடம்பு விட்டால்தானே. உள்ளங்கை வேர்த்திருந்தது. பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட இப்படி இல்லை, கல்யாணத்தன்றைக்கு இருந்ததா, கல்யாணத்தன்றைக்கு ஓமப் புகையில் கண் எரிந்ததுதான் ஞாபகமிருக்கிறது. இது வேறு. இது அவளாகவே செய்த காரியம். காலையில் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டோடு, இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே அடுப்படியில் நின்றபடி, வெப்சைட்டில் இருந்த கணவனின் நம்பரை அழித்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டாள். ஒற்றை விரலால் போட்டாள். போட்டுவிட்டு இட்லியை எடுத்தாள், கணவனுக்குச் சட்னி ஊற்றினாள், இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க என்றாள். நம்பர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் குணசேகரன் கத்தியிருக்க மாட்டான், அவனுக்குக் கத்த வராது, ஆவணி பொறக்கட்டும் சுகந்தி, ஆடியில போய் எதுக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறே என்றிருப்பான். ஆவணி பிறந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆவணியில் இந்தக் கார் போய்விடும். அவள் உட்கார்ந்திருக்கும் இந்த வெள்ளைக் கார், அவள் பெண்களுக்குச் சொல்லித்தருகிற கார், குணசேகரனின் அண்ணன் ராஜசேகரன் பெயரில் இருக்கிறது. போன மாதம் ஒரு காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்து சாம்பாரைக் குழைத்துக்கொண்டே மச்சாண்டார் சொல்லிவிட்டார், லேடீஸ் கிளாஸுக்கு ஆளே வர்றதில்ல, ஆடி போகட்டும், காரை நம்ம வீட்டுல கொண்டாந்து விட்டுடு குணா, ஒரு டிரைவரைப் போட்டுக்கிட்டா உங்க அண்ணி கோயில் குளம் போக வர வசதியா இருக்கும் என்று. சாம்பாரைக் குழைக்கிற மாதிரியே சொன்னார். குணசேகரன் சரிண்ணே என்றான். அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த சுகந்தி கையை நிறுத்தவில்லை, ஆனால் அந்த இலைக்காரருக்குப் பாயசம் அப்பளத்தின் மேல் போனது. கார் போனால் அவள் மறுபடி வீட்டுக்குள் போகவேண்டியதுதான். கியரைத் தொட்ட கை கரண்டியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆள் வர்றதில்லையாம். ஏன் வருவதில்லை என்று யாராவது கேட்டார்களா?

அந்த வெப்சைட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்தது. ராஜகுணா டிரைவிங் ஸ்கூல். மாமனார் தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். வெப்சைட்டைச் செய்துகொடுத்தவர் அச்சாபீஸ் கனகசபை, கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கிறவர், கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தானே செய்யும். மேலே பிள்ளையார், அதற்குக் கீழே காலமான மாமனார், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், அன்னாரின் நல்லாசியுடன் என்று ஒரு வரி. பார்க்கிறவர்கள் யாருக்கோ நினைவு நாள் போல என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அதையும் தாண்டி இறங்கினால் மஞ்சள் முடி வெள்ளைக்காரி ஒருத்தி சிவப்புக் காரில் சாய்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து உறையூரில் எந்தப் பொம்பளைக்குக் கார் ஓட்ட ஆசை வரும்? எல்லாவற்றுக்கும் அடியில், லேடீஸுக்கு லேடி டிரெய்னர் உண்டு. அந்த லேடி நான்தான், என்று சுகந்தி போனைப் பார்த்துச் சொன்னாள். அந்த வரிக்குப் பக்கத்தில் குணசேகரன் நம்பர். பொம்பளைங்க நம்பரை ஊர் பார்க்கப் போடுவாங்களா என்று அப்போதே மச்சாண்டார் சொல்லிவிட்டார், யாரும் அதை ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அவர்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். கேஸ் புக்கிங், கரண்ட் பில், பெண்ணின் ஸ்கூலிலிருந்து வரும் மெசேஜ், அவள் ஆசைப்பட்டு ஒரு நைட்டி வாங்கினால் பார்சல் வந்துவிட்டது என்கிற மெசேஜ்கூட அவன் போனுக்குத்தான் வரும். உனக்கு நைட்டி வந்திருக்கு சுகந்தி என்று மாணவர்கள் முன்னால் போனில் சொல்வான், பாவம், கள்ளம் தெரியாதவன்.

போன் அதிர்ந்தது. சுகந்தி பாய்ந்த வேகத்தில் பிள்ளையார் உருண்டு காலடியில் விழுந்தார். “வணக்கம், ராஜகுணா டிரைவிங் ஸ்கூல், சுகந்தி பேசுறேன்,” கண்ணாடி முன்னால் நின்று பழகிய குரல், நன்றாகவே வந்தது. உங்களுக்குத் தனிநபர் கடன் தேவைப்படுகிறதா என்று பதிவு செய்த குரல் ஒன்று கேட்டது. வைத்துவிட்டாள். முகம் சுட்டது. யாரும் பார்க்கவில்லை, மரத்தில் ஒரு அணில் மட்டும் இருந்தது. பிள்ளையாரை எடுத்துத் துடைத்து உட்காரவைத்து, கோவிச்சுக்காதப்பா என்றாள். பரவாயில்லை, அதுவும் ஒரு பெண் குரல்தான், முதல் அழைப்பு ஒரு பெண்ணிடமிருந்து வந்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் அந்தப் பேங்க் அம்மா மட்டும் அந்த நேரத்தில் கூப்பிடாமல் இருந்திருந்தால்? குணசேகரன் குளித்துக்கொண்டிருந்தான், அவன் போன் கட்டிலில் கிடந்து கத்தியது, கத்தட்டும் என்று விட்டிருந்தால்? எடுத்தாள். ஹலோ என்றாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “லேடியா? அப்பாடா!” என்று ஒரு குரல். “நான் எத்தன வாட்டி போட்டேன் தெரியுங்களா? ஒவ்வொரு வாட்டியும் ஒரு சார் எடுத்தாரு. வெச்சிட்டேன். அப்புறம் லைனே போகல, இப்ப வேற நம்பர்லேர்ந்து போட்டேன்.” அவரு ஒண்ணும் கடிச்சிட மாட்டாருங்க என்று சுகந்தி சிரித்தாள். “அதுக்கில்லங்க,” என்றது அந்தக் குரல், “இந்த வயசுல நான் கார் கத்துக்கணும்னு ஒரு ஆம்பளகிட்ட எப்படிங்க சொல்றது? சிரிச்சிட்டார்னா?” சிரிச்சிட்டார்னா. வங்கியில் மேனேஜர், அந்த அம்மா கையெழுத்துப் போட்டால்தான் எத்தனையோ ஆம்பளைகளுக்குக் கடன் கிடைக்கும், அந்த அம்மாவுக்குப் பயம், ஒருத்தர் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று. சுகந்தி போனைப் பிடித்தபடி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். குணசேகரன் ரொம்ப நாளாகவே முனகிக்கொண்டிருந்தான், எவனோ விளையாடுறான், எடுத்து ஹலோன்னா வெச்சிடுறான் என்று. அப்படி வந்த நம்பரையெல்லாம் வரிசையாக பிளாக் செய்து வைத்திருந்தான். அத்தனையும் வாடிக்கையாளர்கள்! ஆள் வரவில்லை, ஆள் வரவில்லை என்று தலையில் கை வைத்தவர்கள் வந்த ஆளையெல்லாம் வாசலிலேயே நிறுத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. அவன் குளித்துவிட்டு வந்து யாரு போன்ல என்றான். ஒரு அம்மா, கிளாஸுக்கு, என்றாள். பாத்தியா, ஆடியிலயும் வருது என்று சந்தோஷப்பட்டான்.

அன்றைக்குப் பிடித்த பரபரப்பு இன்னும் இறங்கவில்லை. கொஞ்சம் படத்தை மாத்தறேங்க என்று அவனிடம் கேட்டு வெப்சைட்டுக்குள் போகும் வழியை வாங்கிக்கொண்டாள். மாத்திக்கோயேன் என்றான். ஒரு வாரமாக அதே வேலை. குழம்பு கொதிக்கும்போது ஒரு வரி, பெண்ணை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும்போது ஒரு வரி. வெள்ளைக்காரியை முதலில் அனுப்பினாள். மாமனாரைத் தூக்கவில்லை, அப்பா நீங்க கொஞ்சம் கீழ இறங்கி உட்காருங்க என்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். உச்சியில் என்ன வைப்பது? தன் முகத்தை வைக்கத் தைரியம் வரவில்லை. யோசித்துக்கொண்டே காரில் உட்கார்ந்திருந்தபோது தன் காலைப் பார்த்தாள். இடது பக்கத்து இருக்கையில், சொல்லித்தருகிறவள் பக்கம், தரையில் இருக்கும் அந்த இரண்டாவது பிரேக். அதன் மேல் செருப்பில்லாத தன் கால், மெட்டி போட்ட விரல்கள். அந்தக் கால் எங்கே போனாலும் பிரேக்கைத் தேடும், பஸ்ஸில் போனால் தேடும், ஆட்டோவில் தேடும், சினிமாவில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால்கூட முன் சீட்டை உதைக்கும். அதையே படம் எடுத்தாள். படத்துக்கு அடியில் எழுதினாள், உங்க பக்கம் ஒரு பிரேக், என் பக்கம் ஒரு பிரேக், பயப்படாம வாங்க. எழுதிவிட்டு, இதை எழுதியது நானா என்று இரண்டு தரம் வாசித்தாள்.

பிறகு படத்துக்கு அடியில் கேள்விகளும் பதில்களும். ஒன்றைக்கூட அவள் கற்பனை செய்யவில்லை, எல்லாம் இந்தக் காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கேட்டவை. நாப்பது வயசுக்கு மேல வருமா? வரும். ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாதே? சைக்கிள் தெரியாதவங்களும் ஓட்டியிருக்காங்க. தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா? உங்க தெருப் பக்கமே போக மாட்டோம். சேலை கட்டிக்கிட்டு ஓட்டலாமா? அது மட்டும் காருக்குள் வந்த கேள்வி இல்லை, அது மங்கை அக்காவின் குத்தல். மங்கையர்க்கரசி, மச்சாண்டாரின் மனைவி, அவளுடைய ஓர்ப்படி. அதிகம் பேசாத மனுஷி, பேசாமலே அவளை எடை போட்டுக்கொண்டிருப்பதாக சுகந்திக்கு எப்போதும் ஒரு கூச்சம். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்கு சுகந்தி சுடிதாரில் கார் ஓட்டிக்கொண்டு போய் இறங்கியபோது, மங்கை அக்கா மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏன் சுகந்தி, சேலை கட்டிக்கிட்டு ஓட்ட முடியாதா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். சுகந்திக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளிலிருந்து வீம்புக்குச் சேலையிலேயே வகுப்பெடுத்தாள். அந்த வீம்போடுதான் பதிலும் எழுதினாள், தாராளமா ஓட்டலாம், நான் சேலையிலதான் ஓட்டுறேன். கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டாள். வீட்டுல சொல்லணுமா? எழுதினாள், அழித்தாள். இதைப் போட்டால் குடும்பத்தைக் கெடுக்கிறாள் என்பார்கள். போடாவிட்டால், இதைக் கேட்க வாயில்லாமல்தானே முக்கால்வாசிப் பேர் போனை வைத்திருப்பார்கள். எழுதினாள், அழித்தாள். இன்று காலையில் நம்பரை மாற்றிய கையோடு, யோசித்தால் கை வராது என்று, எழுதிவிட்டாள். வீட்டுல சொல்லணுமா? அது உங்க இஷ்டம்.

அது உங்க இஷ்டம். இப்போது இந்த மரத்தடியில் அதை நினைத்தால் குப்பென்று வேர்க்கிறது. போனை எடுத்து வெப்சைட்டைத் திறந்தாள். வந்து பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறியிருந்தது. ஏறியிருக்கிறதே! மறுபடி திறந்தாள், மறுபடி ஏறியது. மூன்றாம் தடவைதான் புரிந்தது, ஏறுவது அவளேதான். கடையைத் திறந்துவைத்துவிட்டுத் தானே உள்ளே போய்ப் போய் வருகிறவள். இனிமேல் தொடமாட்டேன் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தது உடனே அடித்தது.

தெரியாத நம்பர். “ஹலோ, மேடமா?” ஆம்பளைக் குரல், இழுத்து, வழுக்கிக்கொண்டு வந்தது. “நம்பர் சைட்ல பாத்தேன். நீங்களே பக்கத்துல உக்காந்து கத்துத் தருவீங்களா மேடம்?” இதுதான், இதைத்தான் மச்சாண்டார் சொன்னார், இதற்குத்தான் பொம்பளை நம்பர் வேண்டாம் என்றார்கள். வருகிற பயத்துக்காக சுகந்தி காத்திருந்தாள். வரவில்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அலறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவளுக்கு இந்த வழுக்கல் எந்த மூலைக்கு? “ஜென்ட்ஸுக்கு வேற நம்பருங்க,” என்றாள், தேன் மாதிரி. “எழுதிக்கிறீங்களா?” வாய்க்கு வந்தது குணசேகரன் நம்பர்தான், ஆனால் அவன் பாவம், மரியாதையாகப் பதில் சொல்லித் தொலைப்பான். நாக்கு தானாகவே மச்சாண்டார் நம்பருக்குத் திரும்பியது. நிதானமாக, இரண்டு தடவை சொன்னாள். “நல்லா சொல்லித் தருவாருங்க.” வைத்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள், அணில் ஓடியேவிட்டது.

சிரிப்பு அடங்கும்போதுதான் உறைத்தது. என்ன செய்துவைத்திருக்கிறாய் சுகந்தி? அவன் கூப்பிடுவான். யார் கொடுத்தது நம்பர் என்று அவர் கேட்பார். வெப்சைட் என்று அவன் சொல்வான். அவர் வெப்சைட்டைத் திறப்பார். அப்பாவைக் கீழே காண்பார், மேலே மெட்டிக் காலைக் காண்பார், நம்பரைக் காண்பார், அது உங்க இஷ்டம் என்பதைக் காண்பார். ஆவணிவரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார், சாயங்காலமே சாவியைக் கேட்பார். குணசேகரன் சரிண்ணே என்பான். அப்புறம் அவளைப் பார்ப்பான், ஏன் சுகந்தி என்கிட்ட சொல்லல என்று கேட்கும் அந்தக் கண், கத்துகிற கண்ணாக இருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நம்பரைத் திரும்ப மாற்றிவிட்டால்? இப்போதே மாற்றினால் யாருக்கும் தெரியாது. போனை எடுத்தாள். விரல் அந்த இடத்தில் நின்றது. மாற்றினால் சிரிச்சிட்டார்னா என்று பயப்படுகிறவர்கள் மறுபடி அவன் ஹலோவைக் கேட்டு வைத்துவிடுவார்கள். எத்தனை பேர், எந்தெந்தத் தெருவில், அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, நம்பரை அழுத்தி, மணி போவதைக் கேட்டு நெஞ்சு அடித்துக்கொள்ள நின்றார்களோ. இப்போது தனக்கு அடிக்கிறதே, இதே மாதிரி. வெளியே காற்று ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கி மதில் மேல் மாட்டிவிட்டுப் போனது. அவள் மாற்றவில்லை. காத்திருந்தாள். பேங்க் அம்மா வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூட வேன்கள் போகத் தொடங்கியிருந்தன.

அடித்தது. எடுக்கப் போன கை நின்றுவிட்டது. திரையில் மங்கை அக்கா.

வந்துவிட்டது. மச்சாண்டார் பேசமாட்டார், தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசுவது அவருக்கு மரியாதை இல்லை, மங்கை அக்காவை விட்டுத்தான் பேசவைப்பார். பொங்கலுக்கு வாங்க என்பதும் அப்படித்தான் வந்தது, சாவியைக் கொடு என்பதும் அப்படித்தான் வரும். அடித்துக்கொண்டே இருந்தது. இடது பக்கத்து இருக்கையில் கால் தன்பாட்டுக்கு பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள், நிற்கிற காரில், தரையோடு தரையாக. எடுத்தாள்.

“சொல்லுங்கக்கா.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மங்கை அக்கா தொண்டையைச் செருமினாள். “வணக்கங்க. ராஜகுணா டிரைவிங் ஸ்கூலுங்களா?”

“அக்கா, நான் சுகந்தி.”

“தெரியுது. நான் சுகந்திக்குப் பண்ணல. சைட்ல இருக்கிற நம்பருக்குப் பண்றேன்.” குரல் மெல்லியதாக, அவசரமாக, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல வந்தது. “எங்க வீட்டுக்காரருக்கு எவனோ போன் பண்ணி, பக்கத்துல உக்காந்து கத்துத் தருவீங்களான்னு கேட்டிருக்கான். காச்சுமூச்சுன்னு கத்துனாரு. சைட்ட எடுத்து என்கிட்ட காட்டி, பாரு உன் ஓர்ப்படி லட்சணத்தன்னாரு. திட்டிட்டு வெளிய கிளம்பிட்டாரு. நான் என் போன்ல எடுத்து முழுசும் படிச்சேன். சேலையில ஓட்டலாம்னு போட்டிருக்கே, நெசந்தானா?”

சுகந்திக்கு இப்போதுதான் புரிந்தது. பொங்கலன்று வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்த அந்தப் பார்வை, அதைக் குத்தல் என்று நினைத்து இத்தனை மாதம் வீம்பு கட்டிக்கொண்டு திரிந்தேனே. அந்த அக்கா உண்மையாகவே கேட்டிருக்கிறாள். தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறாள். அதற்குமேல் கேட்க வாய் வராமல் உள்ளே போய்விட்டாள். “நெசந்தான்க்கா,” என்றாள். “நான் இப்பவும் சேலையிலதான் இருக்கேன்.”

“வீட்டுல சொல்றது என் இஷ்டம்னு போட்டிருக்கு.”

“ஆமாக்கா.”

“என் இஷ்டம்னு யாரும் என்கிட்ட சொன்னதில்ல சுகந்தி.” அப்புறம் அந்தக் குரலில் சுகந்தி இதுவரைக்கும் கேட்டறியாத ஒன்று வந்தது, குறும்பா அது? “ஆவணியில கார இங்க கொண்டாந்து விடணும்னு இவரு சொல்லிக்கிட்டிருக்காரு. எனக்காகத்தான திரும்ப வாங்குறாரு. எனக்குன்னா நான்தான ஓட்டிக்கிட்டு வரணும், டிரைவர் எதுக்கு? நான் கத்துக்கிட்டு முடிக்கிற வரைக்கும் கார் அங்கயே இருக்கட்டும்னு சொல்லிடுறேன். என் இஷ்டம்தான, நானே சொல்லிடுறேன். ஆனா ஒண்ணு. நான் மெதுவாத்தான் கத்துப்பேன்.”

“பரவால்லக்கா.”

“ரொம்ப ரொம்ப மெதுவா.”

சுகந்தி சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தெருமுனையில் பேங்க் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். காதோரத்தில் பீப் பீப் என்று இன்னொரு அழைப்பு வரத் தொடங்கியது, யாரோ, தெரியாத நம்பர். சுகந்தி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று பழகிய அந்தக் குரலைத் தேடிப் பிடித்து, மங்கை அக்காவிடமே, “உங்க பேரு சொல்லுங்க மேடம்,” என்றாள்.